ஊர்க்கூடம் எழும்பத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

காரைக்குடிப் பக்கத்து எங்கள் ஊரில் நூலகமும் ஊர்க்கூடமும் சேர்ந்த புதுக் கட்டடம் திறந்தாகிவிட்டது. 40 அடி நீளமும் 22 அடி அகலமும் கொண்ட கூடம், அதை ஒட்டி 16 அடிச் சதுர முற்றம், முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓடு வேய்ந்த 8 அடித் தாழ்வாரம், வடக்கே நூலகம், தெருவைப் பார்த்துத் திண்ணை. சுவரும் பூச்சும் சுண்ணாம்பு, தரை ஆத்தங்குடிக் கல் (கையால் வார்த்த பூ வேலைச் சிமென்ட் ஓடு), கூடத்தின் மேல் கட்டைக்குத்துக் கூரை (மரக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கியது). திறப்பு விழா அன்று மாலை மரியாதைக்கே நேரம் சரியாக இருந்தது. யார் என்ன செய்தார்கள், அது ஏன் அவ்வளவு பெரிய உதவி என்று அங்கே விளக்கிச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறோம். இதேபோல் கட்ட நினைக்கும் பக்கத்து ஊர்க்காரர்களும் விவரம் கேட்பதால், வேலை நுணுக்கம் கொஞ்சம் நீளமாகவே வரும்.

முதல் நன்றி, கிராம சபைக்கு வந்து உட்கார்ந்தவர்களுக்கு. மே 1 வெயிலில் அத்தனை பேர் கடைசிவரை இருந்தது சாதாரண விஷயம் இல்லை. காகிதத்தில் வரைபடத்தைக் காட்டினால் 'நல்லாருக்கு' என்று சொல்லிவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். அளவு யாருக்கும் பிடிபடாது. அதனால் மனையிலேயே முழு அளவில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டோம். அந்தக் கோட்டுக்குள் நடந்து பார்த்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வந்தன. சமையல் கூடத்தின் புகை எந்தப் பக்கம் போகும்? பந்தியில் இலை போட்டால் இரண்டு வரிசைக்கு நடுவே பரிமாறுகிறவர் நடக்க இடம் இருக்குமா? மழை நாளில் செருப்பை எங்கே விடுவது? இவை அத்தனைக்கும் அங்கேயே கோட்டை அழித்து வேறு கோடு போட்டுத் தீர்வு கண்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் எழுந்த ஒரு பேச்சுதான் இந்தக் கட்டடத்தின் அமைப்பையே தீர்மானித்தது. நகரத்தார் வீட்டு அமைப்பை அப்படியே எடுத்துப் பொதுக்கூடமாக்குவதாக முதல் வரைவு இருந்தது. அந்த வீட்டில் வாசலுக்கு வாசல் ஒரு வரிசை உண்டு. வெளியாள் திண்ணையோடு நிற்பார், வரவு செலவு பார்க்கிற ஆண்கள் முகப்பிலும் பட்டாலையிலும் (முன்கூடம்), விசேஷம் என்றால் வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி), பெண்களும் அடுப்படியும் பின்கட்டில். 'அந்த வீட்டுச் சுவர் வேணும், அந்த வரிசை வேணாம்' என்று நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காமார்கள் சொன்னார்கள். கிழக்குத் தெருவிலிருந்து வந்தவர்களும் அதையே வேறு மாதிரி சொன்னார்கள். சொன்னவர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. சுண்ணாம்பும் முற்றமும் ஓடும் இந்த மண்ணின் அறிவு. யார் எதுவரை வரலாம் என்பது ஒரு காலத்துக் கட்டுப்பாடு. முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டால்தான் அது பொதுக்கட்டடம்.

அதன்படி மூன்று தெருவுக்கும் மூன்று வாசல் வந்தது. மூன்றும் 5 அடி அகலம், ஒரே மரம், ஒரே வேலைப்பாடு. பழைய திண்ணை சில வீடுகளில் இடுப்பு உயரம் இருக்கும். வீட்டுக்காரர் தெருவுக்கு மேலே தெரிய வேண்டும் என்பது அதன் கணக்கு. இங்கே திண்ணை 18 அங்குல உயரம், இரண்டரை அடி அகலம். வயதானவர் உட்கார்ந்து எழ அதுதான் தோது. முதுகு சாய்க்கச் சரிந்த திண்டை மட்டும் பழைய முறையிலேயே வைத்தோம். சமையல் கூடம் பின்னால் ஒளியாமல் முற்றத்தைப் பார்த்துத் திறக்கிறது.

சக்கர நாற்காலியில் வந்து ஒவ்வொரு கோட்டையும் கடந்து காட்டியவருக்குத் தனி நன்றி. கடைக்கால் மேடை 2 அடி உயரம். 1:12 சரிவு என்றால் சாய்தளம் 24 அடி நீளம் போக வேண்டும், மேலும் கீழும் 5 அடிச் சமதளம் வேண்டும். இடம் பத்தவில்லை என்று 15 அடியில் முடித்துவிடுகிற கட்டடங்கள் நிறைய. அதில் துணையாள் தள்ளாமல் ஏறவே முடியாது. வாசல் நிலையின் கீழ்க்கட்டையும் தடைதான் என்று அவர் காட்டிய பிறகு ஆசாரிகளிடம் பேசினோம். கீழ்க்கட்டை இல்லாத நிலை நாளடைவில் விரிந்து கதவு பிடிக்கும். அதற்கு அவர்கள் ஒரு வழி செய்தார்கள். நிலையின் இரண்டு காலையும் கருங்கல்லில் குழி எடுத்து இரும்பு முளையில் நிறுத்தி, சுவர் இறுகும்வரை கீழே தற்காலிகச் சட்டம் அடித்து வைத்தார்கள். சட்டத்தைக் கழற்றிய பிறகு கதவு இழைத்தாற்போல் மூடுகிறது. அவர்கள் கைக்கு எங்கள் வணக்கம்.

மதிப்பீடு தயாரித்துக் கையெழுத்திட்ட பொறியாளர்களுக்கு நன்றி. சுண்ணாம்புக் கட்டடம் என்றாலே 'விதியில் இடமில்லை' என்ற பேச்சுதான் முதலில் வரும். இடம் இருக்கிறது. கட்டைக்குத்துக் கூரைக்கு, அதாவது மெட்ராஸ் டெரஸுக்கு, ஐ.எஸ். 2119 என்று இந்தியத் தரநிலையே உண்டு. கட்டடச் சுண்ணாம்புக்கு ஐ.எஸ். 712. மொட்டை மாடியில் மழைநீர் இறங்காமல் நாம் போடுகிற சுருக்கித் தளத்துக்குப் பொதுப்பணித் துறை வழக்கில் 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய (தண்ணீரில் போட்டுப் பதமாக்கிய) சுண்ணாம்பு, மணல் கிடையாது என்று அளவே இருக்கிறது. இவற்றை எடுத்துக் கோப்பில் வைத்தவர்கள் இல்லாமல் இந்த வேலை மேசையைத் தாண்டியிருக்காது. கழிப்பறையையும் தண்ணீர்த் தொட்டியையும் தனிக் கட்டாக, சிமென்டில் கட்டச் சொன்னதும் அவர்கள்தான். எந்நேரமும் ஈரம் நிற்கிற இடத்தில் சாதாரணச் சுண்ணாம்பு முழுதாக இறுகாது. எல்லாம் சுண்ணாம்பில்தான் என்ற பிடிவாதம் கட்டடத்துக்கு நல்லதல்ல.

இனி, சுண்ணாம்பு நீற்றிய குழுவினருக்கு. இந்தக் கட்டடத்தின் உயிர் உங்கள் கையில் இருந்தது. சுட்ட சுண்ணாம்புக் கல் வந்து இறங்கிய அன்றே நீற்ற வேண்டும், கிடப்பில் போட்டால் காற்று ஈரத்திலேயே பொடிந்து வலுவிழக்கும். தொட்டியில் தண்ணீரை நிரப்பிக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டும். கல் குவியல் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். அதனால்தான் கண்ணாடியும் முழங்கால் பூட்ஸும் இல்லாமல் யாரையும் தொட்டிப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டீர்கள். நீற்றியதைச் சல்லடையில் சலித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி குழியில் ஊறவிட்டீர்கள். கட்டு வேலைக்குச் சில வாரம், மேல்பூச்சுக்கு அதைவிட அதிகம். இந்த ஊறலில் அவசரப்பட்டால் அப்போது தெரியாது. அளவுக்கு மீறி வெந்து அப்போது நீறாமல் கிடந்த குருணை பூச்சுக்குள் இருந்து, மழைக்காலத்து ஈரம் பட்டதும் ஊதி, சுவரில் காசளவு சில்லுகளைத் தெறிக்க வைக்கும். பூசி ஒரு வருடம் கழித்துக்கூட அது நடக்கும்.

கட்டுக் காரைக்கு, அதாவது செங்கல்லை ஒட்டவைக்கும் கலவைக்கு, 1 பங்கு சுண்ணாம்பு, 2 பங்கு மணல். உருளையில் போட்டு அரைத்து, மண்வெட்டியில் ஒட்டாமல் வழுக்கி விழும் பதம் வரும்வரை விடவில்லை. கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து ஊறவைத்த தண்ணீரும், கருப்பட்டித் தண்ணீரும் அளவோடு சேர்த்தார்கள். கருப்பட்டி காரையை இளக்கிக் கொடுக்கும், ஆனால் கூடிப்போனால் இறுகுவது தள்ளிப்போகும். 'அந்தக் காலத்தில் நிறையப் போட்டாங்க' என்று வந்தவர் போனவர் எல்லாம் சொன்னபோதும் அளவை மாற்றாமல் நின்ற அரவைக்கார அண்ணனுக்கு நன்றி. கெட்டியான சுவர் கருப்பட்டியால் வருவதில்லை, சலிப்பாலும் ஊறலாலும் வருகிறது.

கொத்தனார்கள் ஒன்றரைக்கல் சுவரை நாளுக்கு இரண்டரை அடிக்கு மேல் ஏற்றவில்லை. சுண்ணாம்புக் காரை சிமென்ட் மாதிரி மறுநாளே இறுகாது. காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துத்தான் மறுபடி கல்லாகிறது. வேகமாக ஏற்றினால் கீழ் வரியில் காரை பிதுங்கிச் சுவர் தூக்குக்குண்டை விட்டு விலகும். செங்கல்லைத் தொட்டியில் முக்கி எடுத்து வைப்பது சின்ன வேலைதான். உலர்ந்த செங்கல் காரையின் தண்ணீரைக் குடித்துவிடும், அப்புறம் அங்கே இறுக்கமே இருக்காது. நாள் முழுக்கக் கல் நனைத்துக் கொடுத்த சித்தாள் அக்காமார்களை இந்த இடத்தில் நினைக்கிறோம். ஈரச் சாக்கு போர்த்தி நிழல் காத்ததும் நீங்கள்தான்.

கூரைக்கு மரம் கொடுத்தவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இடிக்க வேண்டி வந்த தங்கள் பூர்வீக வீட்டின் பர்மாத் தேக்கை வெளியே விற்றிருந்தால் நல்ல காசு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் அந்த மரத்துக்கு என்ன மதிப்பு என்று இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊருக்கே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தீர்கள். 4 அங்குலத்துக்கு 6 அங்குலம் விட்டக் கட்டைகள், மொத்தம் 56. கூடத்தின் குறுக்கே 22 அடிக்கு மூன்று இரும்பு கர்டர் போட்டு நீளத்தை நான்கு 10 அடிக் கண்ணாகப் பிரித்து, ஒவ்வொரு கண்ணிலும் 14 கட்டை. கட்டைக்குக் கட்டை ஒன்றரை அடிக்குள்.

பழைய மரத்தில் கவனிக்க வேண்டியது நுனி. சுவருக்குள் இருந்த பகுதிதான் முதலில் உளுக்கும். பெரிய ஆசாரி ஒவ்வொரு கட்டையையும் சுத்தியலால் தட்டி, மந்தமான சத்தம் வந்த இடம்வரை அறுத்துத் தள்ளினார். புதைந்த ஆணியைப் பிடுங்காமல் இழைப்பில் கொடுத்தால் உளி முறியும், அதற்கென்றே ஒரு பையன் காந்தத்தோடு உட்கார்ந்திருந்தான். சுவரில் ஏறும் நுனியைக் கல் பலகை மேல் வைத்து, பக்கங்களில் விரற்கடை இடம் விட்டோம். காற்றுப் படாமல் காரையை இறுக்கி அடைத்தால் மறுபடி அங்கேதான் உளுக்கும். பனங்கைக்கு, அதாவது பனைமரச் சட்டத்துக்கு, ஆசைப்பட்டவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், வேண்டியதும்தான். தாழ்வாரத்துக்கு மட்டும் பழைய வீட்டிலிருந்து வந்த பனங்கையைப் போட்டோம்.

கட்டைக்குத்துக் கொத்தனார்கள் வேலை செய்ததை அண்ணாந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், ஒரே அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கல். அதைக் குத்துவாட்டில் நிறுத்தி, மூலையில் தொடங்கிக் கோணலாக வரிசை பிடிக்கிறார்கள். கீழே பலகை அடைப்பு கிடையாது. காரை தடவிய கல்லை முந்தைய வரிசையோடு அழுத்திப் பிடித்து ஒரு மூச்சு விடும் நேரம் வைத்துக் கையை எடுத்தால் அது நிற்கிறது. காரையின் பதம் ஒரு சொட்டு இளகினாலும் கல் கீழே வரும். சதுர அடிக்கு 18, 19 கல் பிடிக்கும். 880 சதுர அடிக்கு உடைசலும் சேர்த்து 17,500 கல் வைத்துக்கொண்டோம். இந்த அளவில் கல் இப்போது எந்தச் சூளையிலும் கையிருப்பில் இருக்காது. சொல்லி அறுத்துச் சுட்டுக் கொடுத்த சூளைக்காரருக்கும் நன்றி. கட்ட நினைப்பவர்கள் இதைத்தான் முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும், கடைசியில் தேடினால் வேலை நின்றுவிடும்.

அதன் மேல் ஊறிய செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 4 அங்குலம் பரப்பி, மரத் தட்டுக்கட்டையால் அடித்து 3 அங்குலத்துக்குக் கொண்டுவந்தார்கள். வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, கட்டையின் தடம் பதியாமல் எகிறும்வரை அடித்த பெண்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் போதாது. அரைகுறையாக நிறுத்தினால் முடி போல விரிசல் ஓடும், முதல் ஐப்பசியிலேயே ஒழுகும். பிறகு மேலே எதைப் பூசினாலும் நிற்காது. தை, மாசியில் இதை முடித்துக்கொண்டதும் நல்லதாகப் போயிற்று. சித்திரை வெயிலில் தளம் வெடிக்கும், அடைமழையில் சுண்ணாம்பு கரையும். வைக்கோல் போர்த்தித் தண்ணீர் விட்ட பிறகு தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பாவினோம்.

ஆத்தங்குடிக் கல் போட்ட பட்டறைக்காரர்களுக்கு நன்றி. கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு, அச்சின் ஒவ்வொரு அறையிலும் நிறம் கலந்த சிமென்ட் கூழ், அச்சை எடுத்துவிட்டு மேலே உலர்ந்த மணல் சிமென்ட், பிறகு காரை. மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஊறவைத்து வெயிலில் வைத்தால் கண்ணாடி கழன்று வரும், அந்தப் பளபளப்புதான் கல்லின் முகம். சூளையே கிடையாது. 10 அங்குலக் கல் கூடத்துக்கு 1,267 கணக்கு. உடைசலுக்கும் பிற்காலத்துக்கும் சேர்த்து 1,360 வாங்கினோம். பின்னால் ஒரு கல் மாற்ற வேண்டுமென்றால் அதே நிறம் திரும்ப வராது, ஆகவே மீதத்தைத் தூக்கிப் போடாமல் நூலகப் பரணில் வைத்திருக்கிறோம். கையால் செய்வதால் கனம் கல்லுக்குக் கல் மாறும். பாவுகிறவர்கள் முதலில் கனம் பார்த்துப் பிரித்து அடுக்கினார்கள். தரை முடிந்தபின் மஞ்சளும் சுண்ணாம்பும் படாமல் மூடிவைத்தார்கள். கறை போக ஆசிட் ஊற்றுவது பலரும் செய்கிற காரியம். முகத்து நிறமே அரித்துப் போய்விடும். உமியும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் போட்டுத் தேய்த்தால் போதும், மீதியை நடக்கிற கால்கள் பார்த்துக்கொள்ளும்.

செட்டிநாட்டுப் பூச்சுக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஆள் சாய்கிற 5 அடி உயரம் வரைதான் அதைச் செய்தோம், மேலே சாதாரணச் சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையும். முதலில் மணல் காரை, அதன் மேல் மெல்லிய மணல் காரை, பிறகு சலித்த சுண்ணாம்பும் வெள்ளைக்கல் மாவும், கடைசியில் கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெயாக அரைத்து அட்டை கனத்துக்கு. கீழ்ப்பூச்சு முழுதும் காய்வதற்குள் அடுத்தது ஏற வேண்டும். காய்ந்தால் பிடிக்காது, ஈரம் கூடினால் சுருங்கி வெடிக்கும். விரலால் அழுத்திப் பார்த்து அந்தப் பதத்தைச் சொல்ல இந்த வட்டாரத்தில் இன்று சிலரே இருக்கிறார்கள். கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து நீர் முத்து முத்தாக வேர்க்கும். அதைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து மறுபடி தேய்ப்பார்கள். நடுவில் நிறுத்தினால் ஒட்டு தெரியும். அதனால் தூணுக்குத் தூண் ஒரு நாள் வேலை என்று பிரித்துக்கொண்டார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்க்கவில்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சேர்க்கவில்லை. சுவரைத் தொட்டுப் பாருங்கள், அந்த வழவழப்பு மாவின் மென்மையிலும் தேய்த்த கையிலும் இருக்கிறது. இந்தக் கையோடு நின்றுவிடாமல் கூடவே நான்கு இளைஞர்களைச் சேர்த்துப் பழக்கியதற்குத்தான் எங்கள் பெரிய நன்றி.

வழவழப்பான சுவரும் கல் தரையும் சேர்ந்தால் கூட்டத்தில் பேச்சு எதிரொலிக்கும். கைதட்டிக் காட்டி அதை எச்சரித்த பள்ளி ஆசிரியைக்கு நன்றி. பின்சுவர் முழுக்க இப்போது புத்தக அலமாரியும் கோரைப் பாய்த் தட்டிகளும். ஒயரிங் செய்தவர்கள் சுவரைக் கொத்தாமல் உத்தர மட்டத்தில் மரக் கேசிங்கில் கொண்டுபோனார்கள், நாளை ஒரு ஒயர் மாற்றச் சுவரை உடைக்க வேண்டாம்.

ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர் எடுத்துக் கொடுத்த இளைஞர்களுக்கும் நன்றி. கூரையும் தாழ்வாரமும் சேர்ந்து சுமார் 2,000 சதுர அடி. 5 சென்டிமீட்டர் மழைக்குச் சேதாரம் போக 7,000 லிட்டருக்கு மேல் வரும். முற்றத்து மூலையில் வண்டல் தொட்டி, அங்கிருந்து வரத்துக்கால், அப்புறம் ஊரணி. முதல் மழையின் தூசித் தண்ணீரை மட்டும் வெளியே திருப்பக் கட்டையடைப்பு இருக்கிறது. அதைத் திறந்து மூடும் பொறுப்பை ஏற்றிருக்கும் நூலகர் அம்மாவுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

இனி வேண்டிய உதவி பராமரிப்பு. ஆவணி முடிவதற்குள் மாடிச் சருகைக் கூட்டி, மழைத் தண்ணீர் இறங்கும் தூம்புவாயைப் பார்த்துவிட வேண்டும். பொங்கலுக்கு முன் மேல்சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை. எவ்வளவு நல்ல மனதோடு வாங்கிக் கொடுத்தாலும் பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம், சிமென்ட் ஒட்டும் வேண்டாம். சுவருக்குள் ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்துப் பூச்சைத் தள்ளிவிடும். விரிசல் கண்டால் அதே காரையில் அடைக்க, ஊறிய சுண்ணாம்பு ஒரு தொட்டி சமையல் கூடத்துக்குப் பின்னால் மூடிவைத்திருக்கிறது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் கெடாது.

வரைபடம், காரைக் கலவைப் பதிவேடு, மதிப்பீட்டின் நகல் மூன்றும் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கின்றன. எந்த ஊர்க்காரர் கேட்டாலும் படி எடுத்துக்கொள்ளலாம். கொத்தனார்களும் ஆசாரிகளும் வந்து காட்டிக்கொடுக்கச் சம்மதம் தெரிவித்திருக்கிறார்கள். கூலி பேசித்தான் அழைக்க வேண்டும்.

நன்றியுடன்,
ஊர்க்கூடக் கட்டுமானக் குழுவினர்